மூன்று பெட்டி மனம்

இது கார்களைப் பற்றிய கட்டுரை. இலக்கியப் பத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று கேட்கப்போகிறவர்களுக்காகவே எழுதப்படுகிறது. கவிதையின் உருவம், நாவலின் உருவம், கோபுரத்தின் உருவம் பற்றியெல்லாம் நாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். நம் காலத்தில் ஒரு மத்தியதரக் குடும்பம் வீடு, கல்யாணம், நகை இவற்றுக்கு அடுத்தபடியாகக் கடன்பட்டு வாங்குகிற உருவம் கார். அதைப் பற்றிப் பேசும் பொறுப்பை விளம்பரக் கம்பெனிகளிடமும் எண்களை அடுக்கும் மோட்டார் பத்திரிகைகளிடமும் விட்டுவிட்டோம். நம் கையில் மிஞ்சியது "எந்திர நாகரிகம்" என்ற ஒரு சொல். அதைச் சொல்லும்போது முகத்தில் வரவழைத்துக்கொள்ளும் ஒரு சுளிப்பு. சுளிப்பு விமர்சனம் ஆகாது.

எடுத்துக்கொண்ட விஷயம் குறுகியதுதான். ஸ்டேஷன் வேகன் என்ற வகை. அதிலும் வேகத்துக்கென்றே தயாரான குடும்ப வேகன்கள். ஜெர்மனியில், ஸ்வீடனில், ஜப்பானில் இந்த வகை வேரோடியிருக்கிறது. இங்கே இல்லை. ஏன் இல்லை என்பதற்கு ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள்: "இந்தியனுக்கு வேகன் பிடிக்காது." இந்தப் பதில் பொய். உண்மையான பதில் வேறு. அது நம் ரசனையைப் பற்றியும், ரசனைக்கு அடியில் கிடக்கிற சமூக மனத்தைப் பற்றியும் கசப்பான ஒன்றைச் சொல்கிறது. சாட்சிக்குத் தொலைவாகப் போக வேண்டாம். திருவள்ளூர் போதும்.

1

கார்களை வரைகிறவர்களிடம் ஒரு பெட்டிக் கணக்கு உண்டு. எஞ்சினுக்கு ஒரு பெட்டி, மனிதர்களுக்கு ஒரு பெட்டி, சாமானுக்கு ஒரு பெட்டி என்று மூன்றாகப் பிரித்து வைத்தால் அது செடான். அம்பாஸடர், பத்மினி, லான்ஸர் எல்லாம் இந்த ஜாதி. வேகனில் பெட்டிகள் இரண்டே. எஞ்சினுக்கு ஒன்று. மனிதர்களும் சாமானும் மற்றொன்றில், ஒரே கூரையின் கீழ். கூரை ஏறக்குறைய மட்டமாக வண்டியின் கடைசி வரை போய், அங்கே ஒரு கதவாக இறங்குகிறது.

பார்வைக்குச் சின்ன வித்தியாசம். எஞ்சினியருக்கு அப்படியல்ல. செடானில் பின் ஸீட்டின் முதுகுக்கு அப்பால் ஒரு தடுப்பு குறுக்கே ஓடுகிறது. சாமானை மறைப்பது மட்டும் அதன் வேலை இல்லை. வளைவில் திரும்பும்போது வண்டியின் உடம்பு முறுக்கிக்கொள்ளாமல் பிடித்து நிறுத்துவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதிகச் செலவில்லாமல் கிடைக்கிற விறைப்பு அது. வேகனில் இந்தச் சுவர் கிடையாது. பின்பக்கம் முழுக்க ஒரு பெரிய வாசல். சுவரை எடுத்துவிட்டால் அது தந்த வலுவை வேறெங்காவது வைத்தாக வேண்டும்: வாசலைச் சுற்றியுள்ள சட்டத்தில், கூரையின் விளிம்பில், தரையில். ஸ்பிரிங்குகளுக்கும் ஒரு தர்மசங்கடம் வருகிறது. காலி வண்டிக்குப் பொருந்துகிற ஸ்பிரிங், ஐந்து பேரும் அரிசி மூட்டையும் ஏறியதும் அமுங்கிப்போகும். மூட்டைக்குப் பொருந்துகிற ஸ்பிரிங், காலி வண்டியைத் தூக்கித் தூக்கிப் போடும். இரண்டு நிலைக்கும் பொருந்தி, வேகமாகவும் ஓடுகிற ஒரு வண்டியைச் செய்வது லேசான காரியம் அல்ல.

செய்தார்கள். 1994இல் ஆடி கம்பெனி போர்ஷேயோடு சேர்ந்து ஆர்.எஸ். 2 என்ற வேகனைக் கொண்டுவந்தது. 315 குதிரைத்திறன். மொத்தம் செய்தது சுமார் 2,900 வண்டிகள். அதே ஆண்டு பிரிட்டனின் டூரிங் கார் பந்தயத்தில் வால்வோ தன் 850 எஸ்டேட்டை இறக்கியது. நாயையும் குழந்தைகளையும் ஏற்றிப்போகிற சதுரப் பெட்டி, பந்தயக் கார்களுக்கு நடுவே ஓடியதைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். 2005இல் மித்சுபிஷி, ராலிப் பந்தயங்களில் பேர்போன தன் லான்ஸர் எவல்யூஷன் வண்டிக்கு வேகன் உடம்பைப் பூட்டி ஜப்பானில் மட்டும் விற்றது. இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின், 280 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களுக்கும் விசை. பின்வாசலைச் சுற்றியுள்ள சட்டத்தைக் கெட்டிப்படுத்தியிருந்தார்கள். எடுத்த சுவருக்கு ஈடு.

இந்த வண்டிகளை நான் உருவத்தின் பொருட்டு மதிக்கிறேன். விலையின் பொருட்டு அல்ல. ஆர்.எஸ். 6 அவாண்ட் 2015இல் இந்தியாவுக்கு வந்தபோது விலை ஒரு கோடியைத் தாண்டியிருந்தது. அந்தக் கோடியோடு நமக்கு உறவு இல்லை. ஆனால் அந்த உருவம் ஒன்று சொல்கிறது. சந்தோஷமும் கடமையும் இரண்டு வண்டிகளாகப் போக வேண்டியதில்லை. மாமியாரையும் மளிகையையும் சுமக்கிற வண்டியே பறக்கவும் பறக்கலாம். பறக்கும் என்பதைத் தோளை உயர்த்திக் காட்ட வேண்டியதும் இல்லை. எதிரே வருகிறவன் அதை ஒரு சாமான் வண்டி என்றே நினைப்பான். இந்த அடக்கம்தான் நமக்குப் பிடிபடாதது.

2

நாம் சாமான் பெட்டியை டிக்கி என்கிறோம். எங்கிருந்து வந்தது இந்தச் சொல் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. குதிரைச் சாரட்டில் பின்பக்கம், கூண்டுக்கு வெளியே, வெயிலிலும் மழையிலும் வேலைக்காரர்கள் உட்காரும் ஆசனத்துக்கு இங்கிலீஷில் அந்தப் பெயர் இருந்தது. பிறகு ஆரம்ப காலக் கார்களில் பின்னால் மடக்கித் திறக்கும் உபரி ஸீட்டுக்கு அது போயிற்று. ஸீட் மறைந்து பெட்டி ஆனபோது இந்தியாவில் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வேலைக்காரன் குந்தியிருந்த இடத்தில் இப்போது மூட்டை. நம் மூன்றாம் பெட்டியின் பூர்வீகம் இது.

வண்டிக்கு நாம் வைத்த பெயரையும் பாருங்கள். கிராமத்தில் காரைப் "பிளஷர்" என்றார்கள். சரக்கு வண்டி அல்ல, சொகுசு வண்டி என்று பிரித்துச் சொல்ல வந்த சொல். தூய தமிழ் வேண்டும் என்று வந்தவர்கள் "மகிழுந்து" என்றார்கள். அதே பிளஷர், வேட்டி மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறது. மகிழ்ச்சி ஒரு பக்கம், சரக்கு ஒரு பக்கம் என்ற பிரிவினை சொல்லிலேயே உட்கார்ந்திருக்கிறது. இந்த அகராதியில் வேகனுக்கு இடம் எங்கே?

இத்தனைக்கும் வேகன் நமக்கு அந்நியமான வஸ்து அல்ல. ஸ்டேஷன் வேகன் என்ற பெயர், ரயிலிலிருந்து இறங்கியவர்களையும் அவர்கள் சாமானையும் சேர்த்து ஏற்றிப்போன வண்டிக்கு அமெரிக்காவில் வைத்த பெயர். ராயபுரத்திலிருந்து வாலாஜா வரைக்கும் 1856இல் போட்ட ரயில் பாதை திருவள்ளூர் வழியாகத்தான் போனது. அந்தப் பாதையில் இருந்த ஊர்களின் ரயிலடியில் பல தலைமுறைகளாக நின்றது ஜட்கா. வளைந்த கூண்டு, வைக்கோல் பரப்பிய ஒரே தளம். அதில் பாட்டி, பேரன், டிரங்குப் பெட்டி, படுக்கைச் சுருள், கூஜா எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று. ரயிலடி வண்டி என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் வேண்டுமா?

இது பழமைப் புலம்பல் அல்ல. ஜட்காவில் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்ற கேள்வி அந்தக் காலத்தில் இருந்தது. வேகனின் மேல்நாட்டுப் பூர்வீகத்திலும் எஸ்டேட் துரைகளும் வேட்டை நாய்களும் உண்டு. எந்த உருவமும் புனிதமாகப் பிறப்பதில்லை. மனிதனும் அவன் சுமையும் ஒரே கூரையின் கீழ் போவது நம் கண்ணுக்குப் பழகிய காட்சிதான், கார் வந்த பிறகுதான் அது கண்ணை உறுத்த ஆரம்பித்தது என்று சொல்வதற்காக இது.

3

இனித் திருவள்ளூர் ஆலைக்கு வருவோம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அங்கே முதலில் செய்தது மண் வாரும் இயந்திரங்களை. 1998இல் மித்சுபிஷியோடு சேர்ந்து அதே ஊரில் லான்ஸர் காரைச் செய்ய ஆரம்பித்தது. சென்னையில் வளைவுகளை ரசித்து ஓட்டத் தெரிந்தவர்கள் அந்தக் காரைக் கொண்டாடினார்கள். 2006இல் அடுத்த தலைமுறை லான்ஸர், சீடியா என்ற பெயரில், அதே கூடத்திலிருந்து வந்தது.

நான் நிறுத்திக் காட்ட விரும்புவது இந்த இடத்தை. மேலே சொன்ன 2005ஆம் வருஷத்து எவல்யூஷன் வேகனின் அடிப்படை எலும்புக்கூடு இந்தச் சீடியாதான். ஜப்பானில் சீடியாவுக்குச் சாதாரண வேகன் உடம்பும் இருந்தது. வேகமான வேகன் உடம்பும் இருந்தது. அதாவது, உலகத்தின் அருமையான குடும்ப வேகன்களில் ஒன்றுக்கு உடன்பிறந்த வண்டி, அது பிறந்த அடுத்த ஆண்டிலேயே, திருவள்ளூரில் நட்டும் போல்ட்டுமாக முடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. வந்தது செடான் மட்டும். அதே ஆலையில் அந்த ஆண்டுகளில் செய்த மற்ற மித்சுபிஷி வண்டிகள் பஜேரோ, அவுட்லேண்டர், பஜேரோ ஸ்போர்ட். எல்லாம் உயர்ந்து நிற்பவை. நீண்ட கூரைக்கு ஆட்சேபம் இல்லை. அது தரையிலிருந்து எழும்பி நிற்க வேண்டும். மட்டத்தில் வந்தால் கூரை குட்டையாக இருக்க வேண்டும், டிக்கி தனியாக இருக்க வேண்டும்.

வேகம் நமக்கு ஒத்துவராது என்றும் சொல்ல முடியாது. இதே மாவட்டத்தில், சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் ஜி.என்.டி. ரோட்டுப் பக்கம் இருக்கிறது சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1950களிலிருந்து 1980களின் கடைசி வரை கார்ப் பந்தயம் நடத்தியது. பிறகுதான் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வந்தது. பணக்காரர்களின் பந்தயக் கார்கள் மட்டும் அங்கே ஓடவில்லை. ஃபியட், அம்பாஸடர், ஹெரால்டு என்று குடும்பக் கார்களும் ஓடின. வாரநாளில் ஆபீசுக்கும் கல்யாணத்துக்கும் போகிற உருவம், எஞ்சினைப் பிரித்து மேய்ந்த மெக்கானிக்கின் கைத்திறத்தில், ஓடுதளத்தில் சீறியது. குடும்பமும் வேகமும் ஒரே உடம்பில் இருக்கலாம் என்பதை இந்த மாவட்டம் முப்பது வருஷம் கண்ணால் பார்த்திருக்கிறது. மோட்டார் பத்திரிகைக்காரர்கள் இதைப் பழைய போட்டோக்களாக நினைவுகூர்கிறார்கள். ஒரு ரசனையின் சரித்திரமாக யாரும் எழுதவில்லை.

4

இனி அந்தப் பொய். இந்தியனுக்கு வேகன் பிடிக்காது என்பதற்கு வரிசையாக உதாரணம் காட்டுவார்கள். அம்பாஸடர் எஸ்டேட், 1992இன் டாடா எஸ்டேட், மாருதி பலேனோ ஆல்ட்டுரா, ஸ்கோடா ஆக்டேவியா காம்பி, 2004இன் இண்டிகோ மரீனா. எல்லாம் வந்தன, எதுவும் நிலைக்கவில்லை. அம்பாஸடரின் நீட்டிய உடம்பை நாம் ஆம்புலன்ஸாகவும் அமரர் ஊர்தியாகவும் பார்த்துப் பழகிவிட்டோம், அதனால் வேகன் என்றாலே அபசகுனம் என்று ஒரு விளக்கமும் உண்டு. பாதி உண்மை. பிரேதமும் ஒரு சுமைதான். சுமையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு போவது நமக்கு ஆகவில்லை.

இந்த விளக்கத்தை இன்னோவா ஒன்றே உடைத்துவிடுகிறது. 2000இல் வந்த குவாலிஸ், 2005இல் வந்த இன்னோவா, 2012இல் வந்த எர்டிகா எல்லாம் இரண்டு பெட்டி வண்டிகள். நீண்ட கூரை, பின்னால் கதவு, மூன்று வரிசை மனிதர்கள், அவர்கள் பின்னந்தலைக்குப் பக்கத்தில் சாமான். தமிழ்நாட்டில் டாக்ஸிக்காரரிலிருந்து மந்திரி வரை அதில்தான் போகிறார்கள். கட்சி மாறினால் இன்னோவா என்று அரசியல் கேலியிலேயே அது நிலைத்துவிட்டது. நீண்ட கூரையைப் பிடிக்காத ஜனங்களா இதை வாங்கினார்கள்? பிடிக்காதது கூரை அல்ல. தாழ்வாக உட்கார்வது.

அடுத்து வரி. 2006 பட்ஜெட்டில் ஒரு சலுகை வந்தது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள், டீசல் எஞ்சின் 1500 சிசிக்குள் என்றால் எக்ஸைஸ் வரி 24 சதவிகிதத்திலிருந்து 16ஆகக் குறையும். அதன் பிறகு நம் கார்களின் உருவத்தைத் தீர்மானித்தது நிதியமைச்சகத்தின் அடிக்கோல். 2008இல் இண்டிகோவின் வாலை நறுக்கினார்கள். 2012இல் டிஸையரின் வாலை நறுக்கினார்கள். நறுக்கிய பிறகும் டிக்கி தனியாகத் துருத்திக்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. வாலே போனாலும் பரவாயில்லை, தடுப்புச் சுவர் போகக்கூடாது! 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யில் சின்னக் கார்களுக்கு 18, மற்றவற்றுக்கு 40 சதவிகிதம். அடிக்கோல் அதே 4 மீட்டர். பின்சக்கரத்துக்கு அப்பால் நீள்வதே வேகனின் ஜீவன் என்பதால் இந்த அடிக்கோல் அதன் கழுத்தில்தான் விழுகிறது. இது நியாயமான புகார்.

ஆனால் வரியின் பின்னால் மட்டும் ஒளிந்துகொள்ள முடியாது. மறுபடியும் திருவள்ளூரைப் பாருங்கள். மண் வாரும் இயந்திரப் பிரிவு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டர்பில்லர் கைக்குப் போனது. கார் ஆலை 2014இல் அதே பிர்லா குழுமத்தின் இன்னொரு கம்பெனிக்கு மாறியது. நடுவில் சிலகாலம் இஸுஸு வண்டிகளைப் பூட்டிக்கொடுத்தது. 2017இல் பெஜோ-சித்ரோன் கூட்டு வந்தது. அந்த ஆண்டே அம்பாஸடர் என்ற பெயரையும் 80 கோடி ரூபாய்க்குப் பெஜோ வாங்கிக்கொண்டது. சித்ரோன் சாதாரணப் பரம்பரை அல்ல. 1955இல் அவர்கள் டி.எஸ். காரைக் காட்டியபோது ஸ்பிரிங்குக்குப் பதில் எண்ணெயும் வாயுவும் வண்டியைத் தாங்கின. எவ்வளவு ஏற்றினாலும் உடம்பு பின்பக்கம் சரியாமல் தன் மட்டத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். அந்த முறையில் செய்த அவர்களுடைய வேகன்கள், குலுங்கக்கூடாது என்பதற்காக, ஓடிக்கொண்டே படம் பிடிக்கும் கேமரா வண்டிகளாகவும் போயின. நான் முன்னே சொன்ன ஸ்பிரிங்கின் தர்மசங்கடத்துக்குப் பிரெஞ்சுக்காரன் கண்ட விடை அது.

அந்தப் பரம்பரை திருவள்ளூருக்கு வந்து செய்தது என்ன? 2021இல் சி5 ஏர்கிராஸ், 2022இல் சி3, 2023இல் சி3 ஏர்கிராஸ், 2024இல் பசால்ட். கடைசியில் சொன்ன பசால்ட்டின் நீளம் 4 மீட்டரைத் தாண்டுகிறது. சின்னக் கார் சலுகை அதற்குக் கிடையாது. நீளத்துக்கு முழு வரியும் கட்டியாகிறது. கட்டிவிட்டு அந்த நீளத்தை என்ன செய்கிறார்கள்? கூரையைப் பின்னால் சரித்து, கூப்பே என்று பெயர் சூட்டி, சக்கரத்தின் மேல் உயர்த்தி நிறுத்துகிறார்கள். சரிந்த கூரை சுமைக்கு உதவாது. உயர்ந்த நிற்பு வளைவுக்கு உதவாது. இரண்டும் உதவுவது தோரணைக்கு. வண்டியை நன்றாகத்தான் செய்கிறார்கள் திருவள்ளூர்த் தொழிலாளிகள். என் சண்டை அவர்கள் கைவேலையோடு அல்ல. அவர்களிடம் நீட்டப்படுகிற படத்தோடு. அந்தப் படத்தை வரைந்த கை பாரிஸில் இருந்ததா சென்னையில் இருந்ததா என்பது முக்கியமில்லை. வரையச் சொன்னது நம் ஆசை.

5

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை அலட்சியமாகத் தள்ள எனக்கு விருப்பமில்லை. "தலைமுறை தலைமுறையாகத் தரையைப் பார்த்து நடக்க வைக்கப்பட்டவன் முதன்முதலாகக் கார் வாங்குகிறான். உயரமாக உட்கார ஆசைப்படுகிறான். அவனைப் பார்த்துத் தோரணை என்று பரிகசிக்க நீ யார்?"

கேள்வி சரியானது. 1893இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யங்காளி, தன் ஜனங்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச் சாலையில், வில்வண்டி பூட்டி, தலைப்பாகை கட்டிக்கொண்டு போனார். அது மேல்ஜாதிக்காரர்களின் வண்டி. அந்த ஆசனத்தின் உயரம் அன்றைக்கு ஒரு அரசியல் நடவடிக்கை. வண்டி என்பது வெறும் உபயோகப் பொருள் என்று பேசுகிறவன் இந்தச் சரித்திரத்துக்கு முன்னால் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

ஆனால் அய்யங்காளி கேட்டது என்ன? சாலை எல்லோருக்கும் என்பதை. இன்றைய உயர்ந்த வண்டிகள் விற்கப்படுவது எந்த வாக்குறுதியில்? சாலை உனக்கு மட்டும் என்பதில். மற்றவர்கள் தலைக்கு மேல் உன் பார்வை போகும், நீ வந்தால் விலகுவார்கள் என்பதில். அந்த விளம்பரங்களில் எதிரே வேறு வண்டி இருப்பதில்லை, மலையும் மணலும்தான். அவமானத்திலிருந்து எழுந்து நிற்பதற்கும் அடுத்தவனைக் குனிந்து பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை விளம்பரம் அழித்துவிடுகிறது. அந்த அழிப்பைச் சுட்டிக்காட்டுவது முதல் கார் வாங்கியவனைப் பரிகசிப்பது ஆகாது. அவனிடம் விற்கப்பட்ட சரக்கைப் பரிசோதிப்பது.

ரோடு மோசம், மழை வந்தால் வெள்ளம், உயரம் அவசியம் என்பது இரண்டாவது எதிர்வாதம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பழைய இரும்பும் அங்கே உருக்கிய கம்பியும் ஏற்றிப்போகிற லாரிகள் உழுத ரோடுகளைப் பார்த்தவன் இதை மறுக்க மாட்டான். 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பரின் மிக்ஜாமையும் மறந்தவன் இங்கே யாரும் இல்லை. ஆனாலும் இந்த வாதத்தை அதன் முழு நீளத்துக்கு ஒப்புக்கொள்ள முடியாது. திருவள்ளூரில் செய்த அந்தத் தாழ்ந்த சீடியாதான் இந்திய ராலிகளில் மண் பாதைகளில் பல ஆண்டுகள் ஓடி வென்றது. மேலும், மோசமான ரோட்டுக்கு மருந்து நல்ல ரோடு. ஆளுக்கு ஆள் அரையடி எழும்பி உட்கார்ந்துகொண்டால் பள்ளம் எழும்ப முடியாதவனுக்கு மட்டும் மிஞ்சும்.

6

எழும்ப முடியாதவன் எதில் போகிறான் என்றும் பார்த்துவிடலாம். ஆடி மாதம் இந்த மாவட்டத்துப் பெரியபாளையத்துக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். முன்பு மாட்டு வண்டி. இப்போது பலர் வருவது குட்டி யானையில். டாடா ஏஸுக்கு ஜனங்கள் வைத்த பெயர் அது. இரண்டு சிலிண்டர், ஏறக்குறைய 700 சிசி, 16 குதிரைத்திறன். 2005இல் வந்தது. ஜப்பானில் 280 குதிரைத்திறன் வேகன் வந்த அதே வருஷம். பின்தளத்தில் பாய் விரித்துக் கிழவிகள், குழந்தைகள், அடுப்பு, பொங்கல் பானை, வேப்பிலைக் கட்டு, சில சமயம் காணிக்கை ஆடு. அத்தனையும் ஒரே தார்ப்பாய்க் கூரைக்குக் கீழ். எந்தச் சுவரும் இல்லை.

சட்டப்படி இது குற்றம். சரக்கு வண்டியில் மனிதர்கள் ஏறக்கூடாது. சட்டம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தத் தளத்தில் பெல்ட் இல்லை, பிடி இல்லை, கவிழ்ந்தால் சாவு. ஆனால் இந்தக் குடும்பத்துக்கு, அதன் சுமையோடு சேர்த்து, பாதுகாப்பாகவும் மலிவாகவும் போக ஒரு வண்டியை யார் வரைந்தார்கள்? மேலே போனால் தோரணைக்கு ஆயிரம் உருவம். கீழே வந்தால் மனிதனைச் சரக்காக ஏற்றுகிற ஒரே உருவம். நடுவில் இருக்க வேண்டிய வண்டி, சுமையை ஒப்புக்கொள்கிற, மனிதனை மதிக்கிற, ஓட்டுவதில் ஒரு சந்தோஷமும் தருகிற தாழ்ந்த நீண்ட வண்டி, நம் சாலையில் இல்லை. ஜனங்களுக்கு அது பிடிக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். குட்டி யானையில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். எழுதுகிறவர்களுக்கு இதில் என்ன என்றால், நம் எழுத்திலும் இதே மூன்று பெட்டிதான். 1959இல் 'எழுத்து' தொடங்கியதிலிருந்து உருவத்துக்காக எவ்வளவு சண்டை போட்டோம்! யாப்பை உடைத்தோம், வரியை மடக்கினோம். உடைத்த பிறகு நம்மில் பலர் செய்தது என்ன? எஞ்சின் முன்னால்: தத்துவம். மனிதன் நடுவில்: 'நான்', தனிமை, ஜன்னல், மாலை வெயில். வீட்டு வாடகை, பி.எஃப். கடன், அக்கா கல்யாணம், ஆபீஸ் மேலதிகாரியிடம் பல்லிளித்தது, ஊரிலிருந்து வந்த மூட்டை எல்லாம் டிக்கியில், பூட்டி. கவிதையைப் படித்தால் அந்த மனிதன் எதையும் சுமப்பதாகவே தெரியாது. இந்தப் பிரிவினையால் கவிதைக்கு ஒரு விறைப்பு கிடைக்கிறது என்பது வாஸ்தவம். செடானுக்குக் கிடைக்கிற மலிவான விறைப்பு. அதைக் கட்டுக்கோப்பு என்று மெச்சிக்கொள்கிறோம்.

எதிர்முகாம் நண்பர்கள் சந்தோஷப்பட வேண்டாம். அவர்களிடம் சுமை மட்டும் இருக்கிறது. மூட்டையை ஏற்றிவிட்டால் வண்டி ஓடும் என்று நம்புகிறவர்கள் அவர்கள். பின்பக்கம் தரையில் உரச, வளைவில் சாய, வண்டி முனகிக்கொண்டு போகிறது. சமூக உணர்வு என்று அதற்குப் பெயர்ப்பலகை. சுவரை எடுத்தால் மட்டும் போதாது. எடுத்த சுவரின் வலுவைச் சட்டத்துக்குள் வைக்கத் தெரிய வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தின் மூட்டிலும் அந்தக் கெட்டிப்பு வேண்டும். அதற்குத் தேர்ச்சி வேண்டும். தேர்ச்சி என்றால் இவர்களுக்கு அழகியல்வாதம்.

வீட்டுச் சுமையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, அதன் கனத்தை மறைக்காமல், வேகமும் குறையாமல், உயரம் காட்டாமல் போகிற ஒரு உரைநடையை, ஒரு கவிதையை நம்மில் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்கள் மிஞ்சும். வண்டி செய்கிறவனுக்காவது 4 மீட்டர் அடிக்கோல் என்று ஒரு சாக்கு உண்டு. நமக்கு வரி விதித்தது யார்?